தட்டினால் விட்டுவிட வேண்டும்

லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், அந்த வட்டாரத்தில் முதலில் போன் போவது லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குத்தான். மூடிய கதவில் காதை வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, காத்து நல்லா வரும், மூச்சு முட்டாது. நான் இங்கயேதான் நிக்கிறேன். வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?" என்று ஆரம்பிப்பார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடக் குழம்பு வைத்த கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கூட்டாளி மேலே மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெட்டியை மெல்லப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அந்தக் குரல் ஏறாது, இறங்காது. வெளியே வந்தவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "எவ்வளவு பொறுமையான மனுஷன்!" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

இந்தக் கடைசி வரியை மட்டும் அவர் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் அந்த அம்மாவுக்கு.

கம்பெனியில் லிஃப்ட்காரருக்கு வைத்திருந்த பெயர் குக்கர். கோபம் வருவதற்கு முன்னால் மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விடுவார். பக்கத்தில் நிற்பவன் விவரமானவனாக இருந்தால் அந்த மூச்சிலேயே நகர்ந்துவிடுவான். மாட்டிக்கொண்டவர்களிடம் காட்டுகிற பொறுமை எல்லாம் வேலையிலேயே தீர்ந்துவிடுமோ என்னவோ, வீட்டுக்கு வரும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார். ஆனால் கத்துவார். அவர் கத்தினால் கீழ் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள், விவரம் சரியாகக் காதில் விழட்டும் என்று. சாப்பாட்டுத் தட்டு சமையலறைச் சுவர்வரை பறந்த நாட்களும் உண்டு. அரை மணி நேரத்தில் எல்லாம் ஆறிவிடும். அதாவது அவருக்கு ஆறிவிடும். மற்றவர்களுக்கு ஆறியதா என்று அவர் கேட்டதில்லை. இந்த மாதிரி ஆளை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா? என்னைக் கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வேன். நான் அவர் வீட்டில் குடியிருக்கவில்லை, எனக்குச் சொல்வது சுலபம்.

ஒரே மகள், பத்தாம் வகுப்பு. முகம் அம்மா ஜாடை. மூக்கால் விடும் அந்த மூச்சு மட்டும் அச்சு அசலாக அப்பாவுடையது.

அவள் எழுதிய கட்டுரையை வகுப்பில் ஒருத்தி பிடுங்கிக்கொண்டு, முகத்தைக் கோணல் பண்ணி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். இவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், அவள் வாயிலேயே ஒன்று வைத்தாள். உதடு கிழிந்து தையல் போட வேண்டி வந்தது. இதற்கு முன்னாலும் ஒரு தடவை ஒரு பையனைப் படியிலிருந்து தள்ளிவிட்டவள்தான். தலைமை ஆசிரியை அப்பாவையும் மகளையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்: "இன்னொரு தடவை யார் மேலயாவது கை வச்சான்னு புகார் வந்தா, டி.சி. குடுத்து அனுப்பிடுவேன். பரீட்சை வருஷம்னுகூடப் பார்க்கமாட்டேன்."

பரீட்சை வருஷத்தில் நடுவில் வெளியேற்றப்பட்ட பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் உள்ளே விடும்? அந்த அறையை விட்டு வெளியே வரும்போது லிஃப்ட்காரருக்குக் கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை.

விளையாட்டு ஆசிரியர்தான் அவரை ஓரமாக அழைத்துப்போனார். "சார், பாப்பாவை ஜூடோவுல சேர்த்துவிடுங்க. டயர் கடை மாடியில சாயங்காலம் நடக்குது."

"ஏன் சார், அடிக்குதுன்னுதானே இவ்வளவு பஞ்சாயத்து? இன்னும் நல்லா அடிக்கிறது எப்படின்னு சொல்லிக்குடுக்கணுமா?"

"அங்க அடியே கிடையாது சார். பிடிக்கிறதும் விடறதும்தான். போய்ப் பாருங்க."

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றச் சொல்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். டயர் கடையின் ரப்பர் வாடை மாடிப்படி முழுக்கக் கூடவே ஏறிவந்தது. மேலே ஒரு நீளமான கூடம். தரையில் நீலமும் சிவப்புமாகத் தடித்த மெத்தைகளை இடைவெளியில்லாமல் பதித்திருந்தார்கள். சுவரோரம் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாக, எல்லாம் வாசலைப் பார்த்தபடி. சொல்லித்தருகிறவள் இருபத்தைந்து வயதுகூட மதிக்க முடியாத ஒரு பெண். பகலில் பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளர். பிள்ளைகள் எல்லாம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க நோயாளிகளிடம் "வாயைத் திறங்க" என்று சொல்லிப் பழகிய குரல், மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

முதலில் பல வாரங்களுக்கு விழுவதற்கு மட்டும்தான் பயிற்சி. முன்னால் விழுவது, பின்னால் விழுவது, உருண்டு எழுந்திருப்பது.

"விழறதுக்கு யாராவது கிளாஸ் போவாங்களா?" என்றார் அப்பா. "நான்லாம் நடக்க ஆரம்பிச்ச நாளிலேர்ந்து விழுந்துட்டுதான் இருக்கேன். ஒருத்தரும் சொல்லித்தரல."

"அதான் ஒவ்வொரு தடவையும் அடிபடுது," என்றாள் மகள்.

விழுவது முடிந்து பிடிகளுக்கு வந்தார்கள். அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான். பிடிபட்டவர் தாங்க முடியாமல் போனால் மெத்தையிலோ எதிராளியின் உடம்பிலோ இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் பிடித்தவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். ஏன் தட்டினாய், உண்மையிலேயே வலித்ததா, ஏமாற்றுகிறாயா என்ற பேச்செல்லாம் கிடையாது. ஒரு மூச்சு தாமதித்தாலும் வகுப்பு முடியும்வரை மெத்தைக்கு வெளியே உட்கார வேண்டியதுதான். முதல் நாட்களில் மகள் பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருந்தாள்.

"நான் விட்டேன்க்கா. கொஞ்சம் லேட்டாச்சு, அவ்வளவுதான்," என்று ஒரு நாள் சண்டைக்குப் போனாள்.

"அவ தட்டினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விட்டாள். மகளுக்கு அன்று முழுக்க மூக்கால் மூச்சு வந்துகொண்டிருந்தது. ஆனால் மறுநாள் விட்டாள். பிடி நன்றாக இறுகி, ஜெயித்தோம் என்று உடம்பெல்லாம் துள்ளுகிற அந்த இடத்தில் விடுவதுதான் கஷ்டம் என்று பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே. அம்மாவுக்கு முதுகுவலி. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று பில் போடுகிறவள். ஆகவே கூடத்தில் மெத்தையை இழுத்துப் போட்டு அப்பாவைப் படுக்கவைத்தாள் மகள். அவள் பிடித்தால் அவர் தட்ட வேண்டும், அவர் பிடித்தால் அவள் தட்டுவாள். முதல் தடவை அவர் பிடித்தபோது மகள் தட்டினாள். அப்பா, பலத்தைக் காட்டுகிற ஆசையில், இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுத்தான் விட்டார்.

"நீங்க தோத்துட்டீங்கப்பா."

"பிடிச்சவன் எப்படிம்மா தோப்பான்?"

"நான் தட்டினப்புறமும் பிடிச்சீங்கல்ல? அதான் தோல்வி. தட்டினா விட்டுடணும், அவ்வளவுதான் சட்டம்."

வாசல்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம வீட்ல தட்டுன்னா பறக்கிறதுன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்," என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். மனைவி சிரித்துக்கொண்டேதான் மேலும் சொன்னாள்: "போதுங்க, போதுங்கன்னு நானும் எத்தனை வருஷமா வாயால சொல்லிட்டிருக்கேன். கையால தட்டியிருக்கணும் போல." அவர் மெத்தையைச் சுருட்டி வைத்தார்.

தினம் தினம் இப்படிப் பழகியதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊரிலிருந்து வந்த அத்தை, வாசலிலேயே மருமகளைக் கட்டிப்பிடித்து, "எவ்வளவு வளந்துட்டா!" என்று முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். மகள் படக்கென்று கையை எடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றாள். "என்னடி இது, அத்தைகிட்ட ஒட்டவே மாட்டேங்கிற?" என்று அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. சமாதானப்படுத்த மறுபடி கட்டிக்கொண்டார்கள், அத்தை மறுபடி தட்டினாள், மகள் மறுபடி விட்டாள். அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

மகளாவது தேவலை. லிஃப்ட்காரர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், திறந்த கதவுக்கு முன்னால் குனிந்து, பெரிய ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்துச் சங்கச் செயலாளர் பின்னாலிருந்து வந்து, "பிரமாதம்! நல்லா ஓடுது இப்ப!" என்று தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். ஸ்பேனர் கையை விட்டு நழுவி, ஒவ்வொரு மாடியிலும் ஓசையெழுப்பிக்கொண்டு குழியின் அடிவரை போய்ச் சேர்ந்தது. கூட்டாளி அதை எடுத்து வந்து, "குக்கருக்கு வெயிட் கழண்டுபோச்சு போல," என்றான். கம்பெனியில் ரொம்ப நாள் இதே பேச்சாக இருந்தது.

மகள் மாறிக்கொண்டுதான் வந்தாள். வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் ஆயுள் கூடியது. கோபம் வந்தால் மூச்சு வரும், முகம் சிவக்கும், அப்புறம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். அப்பா மெத்தையில் படிந்தாரே தவிர, வெளியில் அதே ஆள்தான். ஒரு நாள் காலை மகளைப் பள்ளியில் இறக்கிவிட வந்தவர், வாசலில் குறுக்கே காரை நிறுத்தியிருந்த யாரோ ஒருவரைப் பிடித்துக்கொண்டு, மணி அடித்த பிறகும் கத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அவருக்கு அரை மணி நேரத்தில் ஆறிவிட்டது.

பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. உங்கள் மகள் ஒரு பையனின் கையை முறுக்கிவிட்டாள், உடனே வாருங்கள் என்றார்கள். லிஃப்ட்காரர் வேலையை அப்படியே கூட்டாளியிடம் விட்டுவிட்டு, கிரீஸ் படிந்த சட்டையோடு ஓடினார். டி.சி. என்ற இரண்டு எழுத்தும் வழி முழுக்க வண்டிக்கு முன்னாலேயே ஓடின.

தலைமை ஆசிரியையின் அறையில் மகள் ஓரமாக நின்றிருந்தாள். எதிரில் அந்தப் பையன், மணிக்கட்டில் தடிமனாகக் கட்டு. பக்கத்தில் அவன் அப்பா. சோபா, கட்டில் எல்லாம் விற்கும் பெரிய கடைக்குச் சொந்தக்காரர். வெள்ளைச் சட்டை மொடமொடவென்று நின்றது.

"ஏன் பிடிச்சேன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா," என்றார் தலைமை ஆசிரியை.

"பிடிச்சேன் மேடம். விட்டுட்டேன்," என்றாள் மகள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"விட்டாளாம்ல!" என்றார் சோபாக்கடைக்காரர். "பொம்பளப் பிள்ளைய ரவுடித்தனம் பழக அனுப்பினா இப்படித்தான் ஆகும். இவளைச் சொல்லி என்ன பண்றது? வளர்த்தவனைச் சொல்லணும். லிஃப்டுக்கு கிரீஸ் தடவறவன்கிட்ட வேற என்ன வளர்ப்பு இருக்கும்?"

மூக்கால் நீளமாக ஒரு மூச்சு வந்தது. அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவள் மகள் ஒருத்திதான். நாற்காலி பின்னால் சாய்ந்தது, மொடமொட வெள்ளைச் சட்டையின் காலர் கிரீஸ் கைகள் இரண்டுக்குள்ளும் போனது, ஒரு பொத்தான் தெறித்து மேஜைக்கு அடியில் உருண்டது. தலைமை ஆசிரியை எழுந்தே விட்டார்.

லிஃப்ட்காரர் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. ஓங்கி இல்லை, சாதாரணமாகத்தான்.

கைகள் விரிந்தன. அவர் விரிக்கவில்லை, அவையாகவே விரிந்தன. கோபம் எங்கும் போய்விடவில்லை. தொண்டையில் இருந்தது, நெற்றிப்பொட்டில் துடித்தது. ஆனால் கை மட்டும் காலியாக அந்தரத்தில் நின்றது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் விழித்தார்.

"பார்த்தீங்கல்ல மேடம்?" என்றாள் பின்னாலிருந்து மகள். "கிளாஸ்ல நானும் இப்படித்தான் விட்டேன். பெஞ்சோட சேர்த்துக் கையைப் பிடிச்சேன், அது தப்புதான். அவன் பெஞ்சுல ரெண்டு தட்டு தட்டினான். வலியில தட்டினானா, கோபத்துல தட்டினானா, எனக்குத் தெரியாது. தட்டினான், விட்டுட்டேன். அப்புறம் அவன் என் முதுகுல குத்தினான். நான் திரும்பல. அவனையே கேளுங்க."

தலைமை ஆசிரியை பையனைப் பார்த்தார். பையன் அப்பாவின் சட்டையில் பொத்தான் இல்லாத இடத்தைப் பார்த்தான்.

"ஆமா மேடம். விட்டுட்டா."

"நீ குத்தினியா?"

"ஆமா மேடம்."

"கையில எதுக்குடா கட்டு?"

"அப்பாதான் போட்டுட்டுப் போகலாம்னாரு."

சோபாக்கடைக்காரர் திடீரென்று சுவரில் இருந்த நேர அட்டவணையை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார்.

தலைமை ஆசிரியை பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "கையைப் பிடிச்சதுக்கு ஒரு வாரம் லைப்ரரியில புத்தகம் அடுக்கணும். குத்தினதுக்கு இவனும் கூட நின்னு அடுக்கணும். நீ கிளாஸுக்குப் போகலாம்மா. பரீட்சையை ஒழுங்கா எழுது." பிறகு லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் இனிமே இந்த கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது. மீட்டிங் எல்லாத்துக்கும் அவங்கம்மா வரட்டும்."

மகளுக்கு வரவேண்டிய டி.சி. அப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் அதற்கும் "சரிங்க மேடம்" என்றார். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் பள்ளிக்கூடத்தையே பெருக்கச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பார்.

கேட்வரை மகள் கூட வந்தாள். வராந்தாவில் வகுப்புகள் நடக்கிற சத்தம். "என் கண்ணு, இன்னைக்கு நீதான் என் மானத்தைக் காப்பாத்தினே," என்றார் அவர். "சரி, எங்கிட்டயாவது சொல்லு. எதுக்கு அவன் கையைப் பிடிச்சே? என்ன சொன்னான் அவன்?"

கேட் பக்கத்தில் வந்த பிறகுதான், அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்கப்பா ஒரு பைத்தியம், வாசல்ல நின்னு கத்துவாருன்னான். எங்கப்பா அப்படியெல்லாம் இல்லன்னேன். அன்னைக்கு நீங்க கத்தினதை அப்படியே செஞ்சு காமிச்சான்ப்பா. எல்லாரும் சிரிச்சாங்க. அதான்."

இவள் இவ்வளவு நேரம் உள்ளே வாயை மூடிக்கொண்டு நின்றது யாருக்காக என்று லிஃப்ட்காரருக்கு இப்போதுதான் புரிந்தது. தன் படிப்பே போனாலும் பரவாயில்லை என்று, அப்பா அப்படி இல்லை என்ற ஒரு பொய்யைக் கட்டிக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தப் பொய்யை அவர் தலைமை ஆசிரியையின் மேஜைக்கு முன்னால், இரண்டு கையாலும் உடைத்துவிட்டு வந்திருக்கிறார். அவமானம் என்றால் என்னவென்று அந்த மனிதருக்கு அந்த வயதில் தெரிந்தது. வீட்டில் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்தில் ஆறிப்போனதெல்லாம் எங்கே போய்த் தங்கியிருந்தது என்பதும் தெரிந்தது.

"நீ கிளாஸுக்குப் போம்மா," என்றார்.

அவள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே சோபாக்கடைக்காரர் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பையன் கார் ஜன்னல் ஓரம் நின்று, தன் மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்து அவர் நீட்டிய கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரர் நேராகக் காரைப் பார்த்து நடந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் கண்ணாடி விறுவிறுவென்று பாதிவரை ஏறியது.

"சார், கண்ணாடிய இறக்க வேணாம். உள்ளயிருந்தே கேளுங்க. உங்க சட்டையில கை வச்சது தப்பு. பிள்ளைங்க முன்னால வச்சது அதைவிடத் தப்பு. மன்னிச்சிருங்க."

சோபாக்கடைக்காரர் கட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். "நானும் ஒரு வார்த்தை கூடப் பேசிட்டேன்," என்று ஸ்டியரிங்கிடம் சொன்னார்.

லிஃப்ட்காரர் பையன் பக்கம் திரும்பினார். பையன் ஒரு அடி பின்னால் போனான். அவர் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டார்.

"தம்பி, நீ என்னைப் பத்திச் சொன்னது ஒண்ணும் பொய்யில்ல. இன்னைக்கு நீயே கண்ணால பார்த்துட்டே. ஆனா இனிமே சொல்றதா இருந்தா அவகிட்டச் சொல்லாத. நேரா எங்கிட்ட வந்து சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

பையன் அவருக்குப் பின்னால் கேட்டருகே நின்றிருந்தவளைப் பார்த்தான், அப்புறம் அவரைப் பார்த்தான்.

"சரி அங்கிள்," என்றான்.